பதக்கம் கிடைத்தது, படம் எங்கே?

தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்ட மறுநாள் காலையில் தமிழ்ச் செய்தித்தாள்களில் ஒரு கணக்கு தவறாமல் இடம்பெறும். தமிழுக்கு இத்தனை, மலையாளத்துக்கு இத்தனை, இந்திக்கு இத்தனை. ஆசிய விளையாட்டுப் போட்டியின் பதக்கப் பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. எண்ணிக்கை கூடினால் பெருமிதம் கொள்கிறோம். குறைந்தால், தமிழ் புறக்கணிக்கப்பட்டது என்று முனகுகிறோம். இவ்விரு மனநிலைகளுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. பட்டியலில் உள்ள படங்களில் பெரும்பாலானவற்றை நாம் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்ட 71ஆவது விருதுகளையே எடுத்துக்கொள்வோம். அவை 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கு உரியவை. சிறந்த படம் '12த் ஃபெயில்'. சிறந்த நடிகர் விருதை ஷாருக் கானும் விக்ராந்த் மாசியும் பகிர்ந்துகொண்டனர். சிறந்த நடிகை ராணி முகர்ஜி. தமிழில் 'பார்க்கிங்' சிறந்த தமிழ்ப்படமாயிற்று; அதில் நடித்த எம்.எஸ். பாஸ்கர் துணை நடிகர் விருதை மலையாளத்தின் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டார். செப்டம்பர் 23 அன்று தில்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு விருதுகளை வழங்கினார். மோகன்லால் தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்றார். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட திரைவாழ்வில் ஷாருக் கானுக்கு இதுவே முதல் தேசிய விருது என்ற செய்தி எல்லா மொழிகளிலும் முதற்பக்கத்துக்கு வந்தது.

அதே பட்டியலில் மேகாலயத்தின் காரோ மொழிப் படம் ஒன்றும், அசாமில் சில ஆயிரம் பேரே பேசும் தாய் ஃபாகே மொழிப் படம் ஒன்றும் இருந்தன. ஒரு சிறு சமூகத்தின் மொழி திரையில் ஒலித்து, அது நாட்டின் தலைநகரில் மதிக்கப்பட்டது என்றால் அது எவ்வளவு பெரிய செய்தி! அதை எந்தத் தமிழ் நாளிதழ் இரண்டு பத்தியேனும் எழுதியது? நாளிதழை விடுவோம். இலக்கியம் பேசுகிறோம், உலக சினிமா பேசுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் எத்தனை பேர் அப்படத்தின் பெயரையாவது தேடிப் படித்தோம்?

நம் வாதம் எளியது. அரசு தரும் திரைப்பட விருதுக்கு ஒரே ஒரு நியாயம்தான் இருக்க முடியும்: தானாக மக்களைச் சென்றடைய முடியாத நல்ல படத்தை மக்களிடம் கொண்டுசேர்ப்பது. அந்த வேலையைச் செய்யாத விருது, எவ்வளவு பெரிய மாளிகையில் எவ்வளவு உயர்ந்தவர் கையால் வழங்கப்பட்டாலும், ஒரு புகைப்படத்துக்கு மேல் மதிப்பற்றது.

சற்றுப் பின்னோக்கிப் போவோம். இவ்விருதுகள் 1954இல் தொடங்கப்பட்டன. அப்போது அவற்றுக்கு அரசுத் திரைப்பட விருதுகள் என்று பெயர். சினிமா என்றாலே ஒழுக்கக் கேடு என்று படித்தவர் பலர் முகஞ்சுளித்த காலம் அது. அக்காலத்தில் ஒரு குடியரசு, இதுவும் கலைதான், இதிலும் உயர்ந்தது தாழ்ந்தது உண்டு என்று அறிவித்தது சிறிய காரியமன்று. சிறந்த படத்துக்கான தங்கப் பதக்கத்தை முதன்முதலில் வென்றது ஆச்சார்ய ஆத்ரே இயக்கிய 'ஷ்யாம்சி ஆயி' என்ற மராத்திப் படம். சானே குருஜி தம் தாயைப் பற்றி எழுதிய நூலிலிருந்து பிறந்தது அது. ஒரு மொழியின் இலக்கியத்திலிருந்து எழுந்த, நட்சத்திரப் பகட்டில்லாத படத்தோடு தொடங்கிய மரபு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். (அதே நூலை ஒட்டி மீண்டும் எடுக்கப்பட்ட படம் 71ஆவது விருதுகளில் சிறந்த மராத்திப் படமாகத் தேர்வுபெற்றது. எழுபதாண்டுகளுக்குப் பின்னும் மராத்தியர் அந்தத் தாயை மறக்கவில்லை. நாம் அந்நூலின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.)

தமிழிலும் தொடக்கம் இலக்கியத்தை ஒட்டியே இருந்தது. 1954ஆம் ஆண்டுப் படங்களில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை வென்ற 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞரின் நாவல். பத்தாண்டுகள் கழித்து, ஜெயகாந்தன் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' அகில இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படத்துக்கான நற்சான்றிதழைப் பெற்றது. அந்த ஆண்டில் முதலிடம் பெற்ற படம் சத்யஜித் ராயின் 'சாருலதா' என்றால் போட்டியின் தரம் விளங்கும். 'சாருலதா'வை இன்று நல்ல பிரதியில், வசன வரிகளுடன், விரும்பிய நேரத்தில் பார்த்துவிடலாம். 'உன்னைப்போல் ஒருவ'னை எங்கே போய்ப் பார்ப்பது? ஜெயகாந்தனின் எழுத்தை வரிவரியாக ஒப்பிக்கக்கூடியவர்கள் நம் நண்பர்களிடையே உண்டு. அப்படத்தைப் பார்த்தவர் என்று ஒருவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை.

நடிகர்களுக்கான தனி விருதுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கு வழங்கப்பட்டதிலிருந்தே தொடங்குகின்றன. முதல் நடிகர் வங்கத்தின் உத்தம் குமார், முதல் நடிகை நர்கிஸ். நடிப்பைக் கௌரவிப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அன்று தொடங்கி மக்களின் பார்வை படத்திலிருந்து முகத்துக்கு இடம் மாறியது என்பதே நம் கணிப்பு. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' திரைவடிவத்தில் நடித்த லட்சுமியும், 'பசி'யில் நடித்த ஷோபாவும் சிறந்த நடிகை விருது பெற்றது சரியான தேர்வு. மறுபுறம், சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது ஒருமுறைகூடத் தரப்படவில்லை. இதை எடுத்துச் சொல்லி அரைநூற்றாண்டாகப் பொருமிக்கொண்டிருக்கிறோம். பொருமுவதற்குக் காரணம் இருக்கிறது; ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவ்விருது இல்லாததால் சிவாஜியின் ஒரு படத்தையேனும் தமிழன் பார்க்காமல் விட்டானா? இல்லை. விருது யாருக்குத் தேவையில்லையோ அவரைப் பற்றியே நம் கவலையெல்லாம். யாருக்கு அது உயிர்மூச்சோ, அவர்களைப் பற்றி நமக்கு அக்கறையில்லை.

உயிர்மூச்சு என்று சொன்னோம். ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குத் திரைக்கதை எழுதியவர் நம் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். தமிழில் எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான படங்களில் ஒன்று அது. மைய அரசின் நடுவர் குழு அதைப் போற்றியது. அதே மைய அரசின் தொலைக்காட்சி, படத்தை ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. ஒரு கை பதக்கம் அணிவிக்க, இன்னொரு கை வாயைப் பொத்தியது. பதக்கம் மட்டும் எஞ்சியது. படம் திரைப்படச் சங்கங்களின் வாய்மொழிக் கதையாயிற்று.

1990ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில் கே.எஸ். சேதுமாதவனின் 'மறுபக்கம்' இந்தியாவின் சிறந்த படமாகத் தேர்வுபெற்றது. விருதுகள் தொடங்கி ஏறத்தாழ நாற்பதாண்டுகளில் தமிழுக்குக் கிடைத்த முதல் தங்கத் தாமரை. மூலக்கதை இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்'. இயக்கியவர் மலையாளத்தின் மூத்த இயக்குநர். தமிழ்த் திரையுலகமே திரண்டு கொண்டாடியிருக்க வேண்டிய வேளை அது. அப்படி ஒரு கொண்டாட்டம் நடந்ததாக நமக்கு நினைவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்திரா பார்த்தசாரதியைப் பற்றி ஒரு நாள் கூட்டம் நடத்தியபோது அப்படத்தைத் திரையிட விரும்பினோம். ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம், பதில் இல்லை. மீண்டும் எழுதினோம், இன்னோர் அலுவலகத்தைக் கேட்கும்படி பதில் வந்தது. அந்த அலுவலகம் முதல் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது. முடிவில் நண்பர் ஒருவர் பழைய தொலைக்காட்சிப் பதிவு ஒன்றைக் கொண்டுவந்தார். கோடுகள் ஓடும் படத்தை, பாதி வசனம் காதில் விழாமல், இருபத்தேழு பேர் உட்கார்ந்து பார்த்தோம். நாட்டின் மிக உயரிய திரை விருதைப் பெற்ற முதல் தமிழ்ப்படத்துக்கு எங்களால் செய்ய முடிந்த மரியாதை அவ்வளவே.

அதற்குப்பின் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்', சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' ஆகியவை அதே விருதைப் பெற்றன. 'சூரரைப் போற்று' விருது பெற்றது 2022இல். அந்த ஆண்டு சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வுபெற்றது வசந்தின் 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்'. அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகிய மூவரின் கதைகளை ஒட்டி எடுக்கப்பட்ட படம். சிறந்த தமிழ்ப்படம், துணை நடிகை, படத்தொகுப்பு என மூன்று விருதுகளை வென்றது. சூர்யாவின் படம் பெற்ற ஐந்து விருதுகளைப் பற்றி நாடு முழுதும் பேச்சு. அரங்குகளுக்கு வராமலே இணையத் திரையில் ஒதுங்கிவிட்ட அசோகமித்திரனின் பெண்களைப் பற்றி யார் பேசினார்? ஐந்து விருது பெற்ற படத்தின் மீது நமக்கு வருத்தமேதும் இல்லை. அது விருதுக்கு முன்பே லட்சக்கணக்கானோர் பார்த்த படம். இந்த இன்னொரு படத்துக்கு அந்த மூன்று விருதுகள் கொண்டுவந்து சேர்த்த புதிய பார்வையாளர் எத்தனை பேர் என்பதே நம் கேள்வி.

இப்போது 2018ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மே 3 அன்று 65ஆவது விருது விழா. சிறந்த படம் ரீமா தாஸ் ஏறத்தாழத் தனியொருவராக அசாமிய மொழியில் உருவாக்கிய 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்'. சிறந்த தமிழ்ப்படம் செழியனின் 'டு லெட்'. விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகையில்தான் கலைஞர்களுக்கு விவரம் சொல்லப்பட்டது: குடியரசுத் தலைவர் பதினோரு விருதுகளை மட்டுமே வழங்குவார், ஏனையவற்றை அமைச்சர் வழங்குவார். குடியரசுத் தலைவர் இத்தகைய விழாக்களில் ஒரு மணி நேரமே இருப்பார் என்பது மாளிகையின் விளக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் விழாவுக்குச் செல்லவில்லை.

அவர்கள் செய்தது சரி என்றே நாம் கருதினோம், இன்றும் கருதுகிறோம். வாழ்வில் ஒருமுறை வரும் அழைப்பு அது. ஒலிப்பதிவாளரையும் ஆவணப்பட இயக்குநரையும் இரண்டாம் வரிசைக்குத் தள்ளி, சிலரை மட்டும் முதல் வரிசையில் நிறுத்துவது, எல்லாத் துறைகளையும் ஒன்றாக மதிப்பதாகச் சொல்லும் விருதின் அடிப்படையையே மறுப்பது. ஆனால் அந்தச் சர்ச்சையிலும் நாடு விவாதித்தது எதை? கொடுக்கும் கை யாருடையது என்பதை. பெறும் படங்கள் எவை என்பதை அல்ல. அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சிகளில் கத்திய பேச்சாளர்களில் ஒருவர்கூட, 'டு லெட்'டை மக்கள் எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை. சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு சிறு குடும்பத்தின் கதை அது. நம் நகரவாசிகளில் பாதிப்பேர் வாழ்ந்து பார்த்த கதை. அது அரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரியில். விருது அறிவித்துப் பத்து மாதங்கள் கழித்து. விருதின் சூடு ஆறிவிட்டிருந்தது.

இனி, தேர்வைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. அரசு தரும் விருதில் அரசின் நிழல் விழும். எக்கட்சி ஆண்டாலும் விழும். 71ஆவது விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது 'தி கேரளா ஸ்டோரி'யை இயக்கியவருக்குத் தரப்பட்டது. முப்பத்தீராயிரம் பெண்கள் என்று விளம்பரத்தில் முழங்கி, அந்த எண்ணிக்கைக்கு நம்பத்தகுந்த தரவு இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்க்க 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்த படம் அது. கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் இத்தேர்வைக் கண்டித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, முதல்படத்துக்கான விருதிலிருந்து இந்திரா காந்தியின் பெயரும், தேசிய ஒருமைப்பாட்டுப் படத்துக்கான விருதிலிருந்து நர்கிஸ் தத்தின் பெயரும் சத்தமின்றி நீக்கப்பட்டன. 71ஆவது விருதுகளில் 'உள்ளொழுக்கு' படத்துக்காகத் துணை நடிகை விருது பெற்ற ஊர்வசி, முதன்மைப் பாத்திரம் எது, துணைப் பாத்திரம் எது என்பதை எந்த அளவுகோலால் பிரிக்கிறீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். அறிவுள்ள, நேர்மையான கேள்வி. நடுவர் குழு தன் முடிவுக்கான காரணத்தை விரிவாக எழுதி வெளியிட்டிருந்தால் அவர் கேட்க வேண்டிய தேவையே எழுந்திராது. ஓரிரு வரிப் பாராட்டுரை காரணமாகாது.

நடுவர்களின் ரசனை நம் ரசனையோடு ஒத்துப்போக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எந்த நடுவர் குழுவும் தவறலாம். காரணத்தோடு செய்த தவறோடு வாதிட முடியும். காரணம் சொல்லாத தீர்ப்போடு எப்படி வாதிடுவது?

நமக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றையும் பார்த்துவிடுவோம். விருது பெற்றதால் ஒரு படத்துக்கு வணிகம் கிடைக்கிறது என்பார்கள். பெரிய படங்களுக்கு விளம்பரச் சுவரொட்டியில் ஒரு முத்திரை கிடைக்கிறது, உண்மை. சிறிய படங்களுக்குச் சில ஆயிரங்கள் முதல் சில லட்சங்கள் வரை ரொக்கம் கிடைக்கிறது. 2024இல் தங்கத் தாமரைக்கு மூன்று லட்சமும் வெள்ளித் தாமரைக்கு இரண்டு லட்சமுமாகத் தொகை உயர்த்தப்பட்டது நல்லதே. ஆனால் ஒரு திரைப்படத்தின் கடனில் அது எந்த மூலைக்கு?

படங்கள் தனியாரின் சொத்து, அரசு எப்படி எடுத்துக் காட்ட முடியும் என்றும் கேட்பார்கள். விலை கொடுத்து ஒளிபரப்பு உரிமை வாங்குவது உலகமறிந்த வழக்கம். மேலும், இது நாம் காணும் பகற்கனவன்று. இந்த நாட்டில் நடந்த காரியம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களை நினைத்துப் பாருங்கள். வாரம் ஒரு மொழி. வசன வரிகளோடு வங்கப்படம், மலையாளப்படம், ஒரியப்படம், அசாமியப்படம். நம் தலைமுறையில் அடூரையும் அரவிந்தனையும் மிருணாள் சென்னையும் முதன்முதலாகப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் திரைப்பட விழாவிலோ தில்லியிலோ பார்க்கவில்லை. கும்பகோணத்திலும் விருதுநகரிலும், பக்கத்துவீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். பாதி புரியவில்லை. படம் மெதுவாக நகர்கிறது என்று வீட்டார் எழுந்து போனார்கள். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த ஓரிருவரே பின்னாளில் சிற்றிதழ் நடத்தினார்கள், திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள், படமெடுக்கவும் போனார்கள். அந்தப் பிற்பகல்கள் எவ்வித விழாவுமின்றிச் செய்த வேலையை, விஞ்ஞான் பவனின் அத்தனை விளக்குகளும் சேர்ந்து செய்யவில்லை.

கடைசியாக, பார்க்க ஆளில்லை என்பார்கள். இந்த வாதத்துக்கு மட்டும் நாம் சற்றுத் தலைகுனிந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. தமிழ்ப்படம் எத்தனை விருது வென்றது என்று எண்ணத் தெரிந்த நமக்கு, பக்கத்து மாநிலத்துச் சிறந்த படம் எது என்று கேட்டால் விழிக்கத்தான் தெரிகிறது. தில்லி நம்மைப் பிராந்தியம் என்று அழைத்தால் கொதிக்கிறோம். காரோ மொழிப் படத்தை நாமும் தில்லியின் கண்களால்தான் பார்க்கிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், பார்ப்பதேயில்லை.

எனவே நாம் வேண்டுவன மூன்றே. முதலாவது, விருது பெற்ற ஒவ்வொரு படமும் அறிவிப்பு வந்த ஓராண்டுக்குள் பொதுத் தொலைக்காட்சியில், அந்தந்த மாநில மொழியின் வசன வரிகளோடு, மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஒளிபரப்பப்பட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு தேர்வுக்கும் நடுவர் குழு ஒரு பக்கமாவது காரணம் எழுதி, தம் பெயரிட்டு வெளியிட வேண்டும். மூன்றாவது, இதுவரை விருது பெற்ற படங்களில் எவற்றின் பிரதிகள் நல்ல நிலையில் உள்ளன, எவை அழிந்தன என்ற பட்டியலைத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பொதுவில் வைக்க வேண்டும். விருதுகளின் நிர்வாகமும் ஆவணக் காப்பகமும் 2022 முதல் அந்த ஒரே கழகத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும் பழைய சாக்கு இனிச் செல்லாது.

வாசகர்களிடம் நாம் கேட்பது இதைவிடச் சிறியது. அடுத்த முறை பட்டியல் வரும்போது தமிழுக்கு எத்தனை என்று எண்ணுவதை ஒருநாள் ஒத்திப்போடுங்கள். தமிழல்லாத மூன்று படங்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை எங்கே பார்க்கலாம் என்று உங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தைக் கேளுங்கள். சங்கம் இல்லையேல் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். பதில் வராது என்பது எங்களுக்கும் தெரியும். நாங்களும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். 'மறுபக்க'த்தின் நல்ல பிரதி ஒன்று யாரிடமேனும் இருந்தால் சொல்லுங்கள். அந்த இருபத்தேழு பேரும் மீண்டும் வரத் தயாராக இருக்கிறார்கள்.